பால் கணக்கு

எங்கள் வீட்டு அடுப்படியில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மளிகைக்கடையில் வருடாவருடம் கொடுப்பது. என் மாமியார் அதில்தான் பால் கணக்கு எழுதுவார். அரை லிட்டர் வாங்கினால் ½, ஒரு லிட்டர் என்றால் 1, பால்காரர் வராத நாளுக்கு ஒரு சுழி. சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய தேதி, தண்ணீர் கேன் எத்தனை என்பதெல்லாம் அந்தச் சின்னக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். மாதக் கடைசியில் பால்காரர் சொல்லும் தொகையும் அத்தை கூட்டி வைத்த தொகையும் ஒரு ரூபாய்கூட மாறி நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் காலண்டரில் நான் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. எனக்கு அது தேவைப்படாது என்று நினைத்தேன். வீட்டில் நடக்க வேண்டியது அத்தனையும் என் தலைக்குள் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் ஓர் ஐப்பசி மாதத்து நடுராத்திரியில் என் ஒன்றரை வயது மகனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறை. காவிரித் துலாக்கட்டம் நடந்து போகும் தூரம்தான். ஐப்பசி எங்கள் ஊருக்கே உரிய மாதம். கங்கை முதலான நதிகளெல்லாம் இந்த ஒரு மாதம் இங்கே வந்து காவிரியில் நீராடித் தங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்கின்றன என்பது ஐதீகம். முதல் தேதி தொடங்கும் துலா ஸ்நானம் மாதக் கடைசி நாளில் கடைமுழுக்கோடு நிறையும். அத்தை அந்த மாதம் முழுக்க விடியலில் மாற்றுப் புடவையும் ஒரு சொம்புமாக ஆற்றுக்குப் போய்விடுவார்.

அதே மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும், தீபாவளியும் வரும். என் கணவருக்குப் பட்டமங்கலத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அவருக்கு வார லீவு கிடையாது. வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். நான் பக்கத்துக் கிராமத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். டெல்டாவில் சம்பா நடவு நடக்கும் நேரம் அது. உரத்துக்கு ஒரு வரிசை, பயிர்க்கடனுக்கு ஒரு வரிசை, பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு வரிசை. சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீரில் பயிரைப் பறிகொடுத்தவர்கள் சிட்டாவும் அடங்கலும் பாஸ்புக் நகலுமாக வந்து நிற்கும்போது, “மணி ஆயிடுச்சு, நாளைக்கு வாங்க” என்று என்னால் சொல்ல முடியாது. இருட்டிய பிறகுதான் நானும் பஸ் ஏறுவேன்.

மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகனுக்கு ஒன்றரை வயது. அந்த மாதம் என் தலைக்குள் இருந்தவற்றைச் சொல்கிறேன். மகளின் மழைக்கோட்டில் பட்டன் அறுந்திருக்கிறது. அவளுக்கு இருப்பது இரண்டு சீருடை, இரண்டும் மழையில் காயவில்லை, காலையில் இஸ்திரிப்பெட்டி போட்டுத்தான் காய வைக்க வேண்டும். கலெக்டர் மழை லீவு விட்டால் அவளை யார் பார்ப்பது? மகனுக்குத் தடுப்பூசி போடும் புதன்கிழமை எது? தீபாவளித் துணி தைக்கக் கொடுத்த இடத்தில் எப்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்? முறுக்கு மாவு எப்போது அரைப்பது? நாத்தனார் வீட்டுக்கு வரிசை வைக்க எவ்வளவு பணம் எடுக்க வேண்டும்? காலை ஐந்து மணிக்கு எழுந்ததிலிருந்து தூங்கும்வரை இதெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பும் முன்பு கணவர் கேட்பார்: “நான் ஏதாவது செய்யட்டுமா?” நான் சொல்வேன்: “விடுங்க, உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள நானே செஞ்சுடுவேன்.” அத்தை துணி மடித்து வைத்தால், அவர் அந்தப் பக்கம் போனதும் அதைப் பிரித்து என் வழக்கப்படி மடிப்பேன். அவர் மகனுக்குச் சோறு ஊட்டினால், “இன்னும் கொஞ்சம் குழைவாப் பிசைஞ்சிருக்கலாம் அத்தை” என்பேன். ஒருநாள் அவர் ஏதோ கேட்க வந்தபோது, “கொஞ்ச நேரம் என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதைக் கேட்கவும் தயங்கினார். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டில் யாரும் எனக்குக் கை கொடுப்பதில்லை என்று சங்கத்தில் உடன் வேலை பார்க்கும் அக்காவிடம் குறைபட்டுக்கொள்வேன். கை கொடுக்க வந்தவர்களைத் தள்ளி நிறுத்தியது நான்தான். அதை அவரிடம் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு ஒரு புதன்கிழமை. அரை நாள் லீவு போட்டு மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணை, முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு மருந்து, மூன்றும் அன்று. எடை பார்த்தார்கள், 10 கிலோ. செவிலியர் அம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “தொடையில போட்ட ஊசிக்கு இன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் வரலாம். கையில போட்டதுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சும் வரலாம். பயப்படாதீங்க. பாராசிட்டமால் சிரப் 120 வாங்கிக்குங்க, இந்த எடைக்கு 6 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காய்ச்சல் இருந்தா மட்டும்.” நான் தலையாட்டினேன். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அரைமணி நேரமும் என் மனம் சங்கத்து வரிசையை எண்ணிக்கொண்டிருந்தது.

மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு பாராசிட்டமால் பாட்டில் இருந்தது. அது மகளுக்கு வாங்கியது. அதில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். மகனுக்கு வாங்கியதில் 5 மில்லிக்கு 120. இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில், ஒரே மாதிரி நிறம். எண் மட்டும்தான் வேறு. 20 கிலோ எடையுள்ள மகளுக்கு அந்த 250-இல் 6 மில்லி, 10 கிலோ மகனுக்கு இந்த 120-இல் 6 மில்லி. அளவு ஒன்றேதான், பாட்டில் மாறினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். இந்த விவரம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படியும் மருந்து கொடுக்கப் போவது நான்தானே என்ற நினைப்பு.

இரவு எட்டு மணிக்கு மகனுக்கு உடம்பு சுட்டது. கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்து 6 மில்லி கொடுத்தேன். பாட்டிலைத் திரும்பக் கைப்பையிலேயே போட்டுவிட்டேன். மகளுக்குச் சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடம் பார்த்து, கொல்லையில் உட்கார்ந்து துணி அலசினேன். மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதரை மணிக்குப் பிள்ளை அத்தையின் மடியில் அனலாகக் கிடந்திருக்கிறான். என்னைக் கூப்பிடலாமா என்று யோசித்திருக்கிறார். “பாவம், அலுத்துப் போயிருப்பா, கூப்பிட்டா சள்ளுன்னு விழுவா” என்று நினைத்து, அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து, அந்தக் காலத்தில் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த மாதிரி பாலாடையில் ஊற்றிப் புகட்டிவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்குக் கணவர் வந்தார். நான் மகனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை முனகியிருக்கிறான். நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், சூடு. என்னை எழுப்ப மனசு வரவில்லை. அதே அலமாரி, அதே பாட்டில். மூடியில் 5 மில்லி அளந்து கொடுத்துவிட்டு, மகனைத் தோளில் போட்டுக் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டுப் படுத்திருக்கிறார்.

எட்டு மணியோடு ஆறு மணி நேரம் கூட்டி இரண்டு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். எழுந்து கைப்பையில் இருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். சத்தத்தில் விழித்த கணவர் சொன்னார்: “நான் வந்தப்பவே குடுத்துட்டேனே.” கூடத்தில் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தார். “நீயும் குடுத்தியாப்பா? நான் ஒம்பதரைக்கே குடுத்தேனே.”

அந்தக் கணம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அலமாரியைத் திறந்து மகளின் பாட்டிலை எடுத்தேன். 250 என்ற எண்ணைப் பார்த்தேன். கை நடுங்கி மூடி கீழே விழுந்தது.

மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம். தெருவெல்லாம் தண்ணீர். மகன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு வருகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். அவர் கேட்டது மூன்று கேள்விகள்தான். “எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? எந்த பாட்டில்? எவ்வளவு?” நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அத்தை ஒன்பது என்றார், பிறகு ஒன்பதரை, பிறகு “சீரியல் முடிஞ்ச நேரம்” என்றார். கணவருக்கு மணி நினைவிருந்தது, பாட்டிலில் என்ன எண் என்று பார்த்திருக்கவில்லை. பாலாடையில் எவ்வளவு பிடிக்கும் என்று டாக்டர் கேட்டபோது அத்தை உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். “சரிம்மா, 10 மில்லின்னே வெச்சுக்குவோம்” என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். எட்டு மணிக்கு 144 மில்லிகிராம். ஒன்பதரைக்கு 500. பதினொன்றே முக்காலுக்கு 250. மொத்தம் 894.

அவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 150. நாளெல்லாம் சேர்த்தே நான்கு வேளை, 600. அதையும் தாண்டி நாலு மணி நேரத்துக்குள் போயிருக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும் ஆபத்தான அளவு இதைவிட நன்றாகவே அதிகம் என்பதால் பயப்பட வேண்டாம், ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், நாளை சாயந்தரம்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தைத்தது: “இந்த மருந்து அளவு மீறினா முதல் நாள் பிள்ளை நல்லாத்தான் விளையாடும். ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஈரல் கெட்டது வெளியில தெரியும். பிள்ளையைப் பார்த்து எங்களால சொல்ல முடியாதும்மா. நீங்க சொல்ற கணக்கை வெச்சுத்தான் நாங்க முடிவெடுக்கணும்.”

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று பெரியவர்கள் இருக்கும் வீடு. மூன்று பேருக்கும் அந்தப் பிள்ளை உயிர். மூன்று பேரும் பிள்ளையின் காய்ச்சல் தணிய வேண்டும் என்றுதான் மருந்தை எடுத்தோம். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் நான். பாட்டிலின் எண்ணையும் செவிலியர் சொன்ன அளவையும் நான் என் தலையிலும் கைப்பையிலும் பூட்டி வைத்திருந்தேன். என்னை எழுப்பிக் கேட்கத் தோன்றாதபடி, கூப்பிட்டால் கோபப்படுவாள் என்று நினைக்கும்படி, அந்த மாதம் முழுக்க நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சாயந்தரம் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மகன் ஆட்டோவில் வரும்போதே மழைத் தண்ணீரைக் காட்டிக் கைகொட்டினான். வீட்டுக்கு வந்ததும் அத்தை நேரே அடுப்படிக்குப் போனார். காபி போடப் போகிறார் என்று நினைத்தேன். காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் கட்டத்தில் ½ இருந்தது. அன்றைய கட்டம் காலி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அரை லிட்டர் பாலுக்குக் கணக்கு வெச்சிருக்கேன். என் பேரனுக்குக் குடுத்த மருந்துக்கு வெக்கலியேம்மா.”

அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். துணி மடித்ததிலிருந்து, வெடுக்கென்று பேசியதிலிருந்து, பாட்டில் விவரத்தைச் சொல்லாததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதுதான் அதற்கு அடியில் இருந்ததும் வெளியே வந்தது. வேலைக்குப் போகிற அம்மா என்பதால், வீட்டில் ஒன்றையும் நான் விட்டுவிடவில்லை என்று எல்லோருக்கும் நிரூபித்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு பயம். என் வேலையை இன்னொருவர் செய்துவிட்டால், இந்த வீட்டில் என் இடம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஒரு பயம். அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உன் இடத்துல யாரு வந்து உக்காரப் போறா? உக்காரறதுக்கு உனக்கே நேரமில்லையேம்மா” என்றார்.

அன்று ராத்திரி கடையிலிருந்து கணவர் வந்த பிறகு மூன்று பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தோம். மகளின் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டினோம். மகனுடையதில் எதுவும் இல்லை. பாலாடை, ஸ்பூன் எதுவும் வேண்டாம், மில்லி குறித்த மூடியை அந்தந்தப் பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டு வைப்பது என்று முடிவு செய்தோம். மருந்து யார் கொடுத்தாலும், பாட்டிலைத் திரும்ப வைக்கும் முன்பு காலண்டரில் அன்றைய கட்டத்தில் மணியும் மில்லியும் எழுத வேண்டும். யார் கொடுத்தது என்பதற்கு அடையாளத்தை மறுநாள் காலையில் மகள் வகுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பொட்டு, அப்பாவுக்கு மீசை, அப்பாயிக்குக் கண்ணாடி.

பிறகு என் தலைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கணவர் எழுத எழுத, கட்டங்கள் நிரம்பின. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தபோது கணவர் கேட்டார்: “இவ்வளவையுமா நீ தனியா வெச்சிருந்தே?” அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகைதான் வந்தது. பார்க்கக் கிடைத்ததால் சிலவற்றை அடிக்கவும் முடிந்தது. மூன்று பலகாரம் ஒன்றாகக் குறைந்தது. அதிரசம் எதிர்வீட்டு அக்கா போடும்போது நமக்கும் இருபது போடச் சொல்லலாம். தைத்த துணியை வாங்கி வருவது அத்தை, ஆற்றிலிருந்து வரும் வழிதான். மகளைக் காலையில் கிளப்புவது கணவர், கடை திறக்க ஒன்பதரை ஆகிறதே.

சொல்லிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். முதல் நாள் அவர் பின்னிய இரட்டைச் சடையில் ஒன்று காதருகிலும் ஒன்று கழுத்தருகிலும் இருந்தது. அவிழ்த்துப் பின்னிவிட என் கை துடித்தது. மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அப்பா போட்டது” என்று தலையை ஆட்டிக் காட்டினாள். நான் ரிப்பனைத் தொடவில்லை. அத்தை மடித்த துணிகளை அப்படியே அலமாரியில் வைத்தேன். எனக்கு அந்த மாதத்தில் அதைவிடப் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை.

தீபாவளியன்று விடியற்காலை நாலரைக்கு மகனை எண்ணெய் தேய்க்கத் தூக்கினால் உடம்பு மறுபடி சுட்டது. எட்டாவது நாள். கையில் போட்ட ஊசிக்கு ஒரு வாரம் கழித்தும் காய்ச்சல் வரலாம் என்று செவிலியர் சொன்னது இப்போது என் தலையில் மட்டும் இல்லை, காலண்டரில் அந்த வாரத்துக்கு மேலே கணவர் கையெழுத்தில் இருந்தது. யாரும் பதறவில்லை. அத்தை நூல் கட்டாத பாட்டிலை எடுத்து, மூடியில் 6 மில்லி அளந்து, என்னிடம் காட்டிவிட்டுப் புகட்டினார். கட்டத்தில் எழுதினார்: 5.10, 6, பக்கத்தில் ஒரு கண்ணாடி.

கணவர் கடையை அடைத்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்குத்தான் வந்திருந்தார். ஒன்பது மணிக்கு எழுந்து வந்து மகன் நெற்றியைத் தொட்டார். அலமாரிக்குப் போனார். அடுப்பில் இட்லி வைத்துக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டிலை எடுத்த கையோடு காலண்டர் பக்கம் திரும்பினார். கட்டத்தைப் படித்தார். விரலை மடித்து மணியை எண்ணினார். பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு மகனிடம் போனார். அந்த வருடம் எனக்குத் தீபாவளி அதுதான். தெருவில் வெடித்தது எதுவும் என் காதில் விழவில்லை.

மறுநாள் நவம்பர் பிறந்தது. அக்டோபர்த் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் 14-ஆம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஏற்கெனவே ஏதோ எழுதியிருந்தது. கோணல் மாணலாக, கட்டத்தைவிட்டு வெளியே வழிந்து, “மாருவேடம் அம்மா”. குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மகள் என்னிடம் மூன்று தடவை சொன்னாளாம். மூன்று தடவையும் நான் “சரி, சரி” என்றேனாம். ஒரு தடவைகூட எனக்கு நினைவில்லை. எப்போது எழுதினாய் என்று கேட்டேன். “தம்பிக்கு ஊசி போடறதுக்கு முதல் நாள். அப்பாயி மறக்கக்கூடாததெல்லாம் இதுலதானே எழுதுவாங்க” என்றாள். நாற்காலி போட்டு ஏறி, தாளைத் தூக்கிப் பிடித்து எழுதியிருக்கிறாள்.

மகன் ஆஸ்பத்திரிக்குப் போய் நான் கற்றுக்கொண்டதை, அதற்கு ஒரு நாள் முன்பே என் மகள் தெரிந்து வைத்திருந்தாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதாலேயே அவளுக்கு அது தெரிந்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்ன வேடம் என்று கேட்டேன். பஸ்ஸில் போகும்போது பார்த்த, நாற்று நடுகிற அம்மாவாக வேண்டும் என்றாள். ராணி வேடத்துக்கு உடை வாடகைக்குக் கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அத்தை தன் பழைய சுங்குடிப் புடவையைப் பாதியாகக் கிழித்து, முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகி, தலையில் துண்டைச் சுற்றிவிட்டார். நாற்றுப் பிடியை எப்படிப் பிடிப்பது, எப்படி விரலால் சேற்றில் ஊன்றுவது என்று கூடத்தில் குனிந்து காட்டினார். பதினைந்து வயதில் நடவுக்குப் போனவர் அவர் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. மகள் அன்று ராத்திரி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் கடைமுழுக்கு. எங்கள் ஊரில் பள்ளிகளுக்கு லீவு. காப்பீட்டுக்கும் அதுதான் கடைசி நாள். நான் இரவு எட்டுவரை சங்கத்தில் இருந்தேன். கணவர் லீவு போட்டு இரண்டு பிள்ளைகளையும் அத்தையையும் துலாக்கட்டத்துக்குக் கூட்டிப் போனார். கூட்டத்தில் மகன் கையைவிட்டு ஓடிவிடுவானோ என்ற கவலை வந்தபோதெல்லாம், அவன் அப்பாவோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டேன். அன்று வந்த விவசாயிகளின் அடங்கலைப் பெயரும் புல எண்ணும் பார்த்துப் பதற்றமில்லாமல் பதிவு செய்ய முடிந்தது. அப்படி ஒரே வேலையில் மனம் நின்று பல மாதம் ஆகியிருந்தது.

கார்த்திகை முதல் தேதி விடியலில் அத்தை என்னைத் தொட்டு எழுப்பினார். “வா, இன்னைக்கு முடவன் முழுக்கு. நேத்து உனக்கு வர முடியலியே.” கால் ஊனமான ஒருவர் ஐப்பசியில் காவிரியில் முழுக வேண்டும் என்று வெகுதூரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தாராம். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் அழுது நிற்க, மயூரநாதர் அவருக்காகக் கார்த்திகை முதல் நாள் முழுக்குக்கும் அதே பலனைத் தந்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்று படியில் இறங்கும்போது அந்த மனிதரின் அழுகை எனக்குப் புரிந்தது. தாமதமாக வந்து சேர்ந்தவரையும் தள்ளாத ஆறு அது என்பதும் புரிந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொள்ள மூன்று முழுக்குப் போட்டேன்.

ஈரத் தலையோடு வீடு திரும்பியபோது வாசலில் பால்காரர் மணியடித்தார். அத்தை கொல்லையில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தார். பாலை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு, காலண்டரில் நூல் கட்டித் தொங்கும் பேனாவை எடுத்தேன். 16-ஆம் தேதிக் கட்டத்தில் ½ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.